தெருவில் யாரும் மாறவில்லை, வார்டு மட்டும் எப்படி மாறியது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: அவருடைய நகராட்சி வார்டில் 2011-ல் இரட்டை இலை ஜெயித்தது, 2022-ல் உதயசூரியன். ஆனால் அவர் தெருவில் ஒருத்தர்கூடக் கட்சி மாறியதாகத் தெரியவில்லை. அப்படியென்றால் மாறியது யார்? ஜெயித்தவர் நாளைக்கே வேறு கட்சிக்குப் போனால் அந்த சீட் யாருடையது? பார்த்தால் கட்சிக் கேள்வி மாதிரி இருக்கிறது. அடியில் கிடப்பது வேறு: ஒரு வார்டு கைமாறியதை வைத்து அங்கே குடியிருக்கிறவர்களின் மனசைப் படிக்க முடியுமா? கொஞ்சம்தான் முடியும். ஒரே ஒரு ஓட்டர்கூட மனசு மாறாமல் ஒரு வார்டு கட்சி மாறலாம். அது எப்படி என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் நகராட்சி அலுவலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1996, 2001, 2006, 2011, 2022 என்று ஐந்து தேர்தலிலும் தேர்தல் பிரிவில் எனக்கு வேலை இருந்தது. வாக்காளர் பட்டியலை வார்டு வாரியாகப் பிரிப்பது, வேட்புமனு வாங்கிச் சரிபார்ப்பது, எண்ணிக்கை நாளில் மேசையில் உட்காருவது, இதெல்லாம்தான். கட்சி வேலை பார்த்தவன் இல்லை. காகிதத்தில் நடந்ததெல்லாம் கண்ணால் பார்த்தது. கட்சி ஆபீசுக்குள் நடந்தது என் காதுக்கு வந்தது மட்டும்தான். இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நான் திருப்பிக் கேட்பது: அது அதே வார்டுதானா? நிறையப் பேர் இங்கேயே சறுக்கிவிடுகிறார்கள். எண் ஒன்றாக இருந்தால் வார்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2017, 2018-ல் தமிழ்நாடு முழுக்க வார்டு மறுவரையறை நடந்தது. அந்த வேலைக்காக நாங்கள் வரைபடத்தையும் சொத்துவரிக் கேட்புப் பதிவேட்டையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, தெருத் தெருவாகக் கதவு எண் பார்த்துக் கோடு போட்டோம். ஒரு தெருவின் வடக்குச் சிறகு ஒரு வார்டுக்கும் தெற்குச் சிறகு பக்கத்து வார்டுக்கும் போன இடம் உண்டு. எதிரெதிர் வீட்டில் உட்கார்ந்து முப்பது வருஷம் அரசியல் பேசியவர்கள் வேறு வேறு கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டார்கள். ஒரு காலனி இந்தப் பக்கம் வந்து ஒரு குடிசைப் பகுதி அந்தப் பக்கம் போனால் போதும், வார்டின் நிறமே வேறு. சென்னை மாநகராட்சி 155 வார்டிலிருந்து 200 வார்டானது 2011-ல். தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி எல்லாம் 2021-ல்தான் மாநகராட்சி. தாம்பரத்தில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என்று தனித்தனி நகராட்சிகளே ஒன்றாகச் சேர்ந்தன. அங்கே போய் "எங்கள் 20-வது வார்டு போன தடவை யாரிடம் இருந்தது" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. போன தடவை அந்த வார்டே கிடையாது.

அப்புறம், இடைவெளி. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டைச் சுழற்சி முறையில் சரியாகச் செய்யவில்லை என்பது வழக்கு. நகர்ப்புறத்தில் அதற்குப் பிறகு தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருத்தரும் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. 2011-ல் மூன்றாம் வகுப்பு படித்த பிள்ளை 2022-ல் விரலில் மை வைத்துக்கொண்டது. இறந்தவர்கள், கல்யாணம் ஆகி வெளியூர் போனவர்கள், புது அபார்ட்மென்டில் குடியேறியவர்கள் எல்லோரையும் கணக்கில் எடுத்தால், இரண்டு தேர்தலிலும் ஓட்டுப் போட்டவர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. உங்கள் தெருவில் யாரும் மாறவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். மாறியது வாக்காளர் பட்டியல்.

சரி, எல்லையும் ஆட்களும் அப்படியே இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது கூட்டணிக் கணக்கு. 2011 உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலும் ஆளுக்கொரு திசையில் நின்றார்கள். சட்டமன்றத் தேர்தலில் கூட இருந்தவர்களை அதிமுக கழற்றிவிட்டது. திமுகவும் காங்கிரசும் தனித்தனி. 2022-ல் அப்படியே தலைகீழ். திமுக அணி காங்கிரஸ், விடுதலைச் சிறுத்தைகள், இடதுசாரிகள், மதிமுக என்று சேர்ந்தே நின்றது. எதிர்ப்பக்கம் அதிமுக ஒரு வழி, பாஜக ஒரு வழி, பாமக ஒரு வழி. ஒரு பேச்சுக்கு ஆயிரம் ஓட்டு உள்ள வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் இரட்டை இலைக்கு 420, உதயசூரியனுக்கு 360, கைச் சின்னத்துக்கு 90, பின்னால் திமுக அணிக்கு வந்த மற்ற கட்சிகளுக்கு 60, மீதி 70 சுயேச்சைகளுக்கு. இலை ஜெயித்துவிட்டது. இப்போது ஒரு ஓட்டைக்கூட நகர்த்தாமல் 2022-ன் கூட்டணியை மட்டும் மேலே வையுங்கள். 360, 90, 60 சேர்ந்தால் 510. இலைக்கு அதே 420. வார்டு கைமாறியாயிற்று. ஒருத்தரும் மனசு மாறவில்லை. இது வெறும் கூட்டல்தான், நிஜத்தில் கூட்டணிக் கட்சி ஓட்டு முழுசாக வந்து சேராது. தன் கட்சிக்கு சீட் கிடைக்காத கோபத்தில் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களும், போட்டி வேட்பாளராக நிற்கிறவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. ஆனாலும் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான். இதைப் போடாமல் "மக்கள் எழுச்சி" என்று பேசுவது அவசரம்.

பலர் மறந்துபோன இன்னொரு வித்தியாசம். 2011-ல் நகரவாசி இரண்டு ஓட்டுப் போட்டார். தலைவருக்கு அல்லது மேயருக்கு ஒன்று, வார்டு உறுப்பினருக்கு ஒன்று. தலைவருக்குக் கட்சி பார்த்துப் போட்டுவிட்டு வார்டுக்குத் தெரிந்த ஆளுக்குப் போடுகிற வசதி அவருக்கு இருந்தது. 2022-ல் ஒரே ஓட்டு. கவுன்சிலர்கள் கூடி மார்ச் 4-ல் மேயரையும் தலைவரையும் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு இரண்டு ஓட்டு சுமந்த பாரத்தை ஒரே ஓட்டு சுமந்தது. இதனால் சின்னத்தின் இழுப்பு கூடியதா என்றால், கூடியிருக்கும் என்பது என் அனுமானம். அந்த ஓட்டைப் போட்டவருக்குத்தான் உள்ளே இருப்பது தெரியும்.

இனி எல்லோரும் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். "உள்ளாட்சி என்றால் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும்." இதில் உண்மை நிறைய இருக்கிறது. 2011-ல் அதிமுக ஆட்சிக்கு வந்த ஐந்து மாதத்தில் தேர்தல், அப்போது இருந்த பத்து மாநகராட்சியும் அதிமுகவுக்கு. 2022-ல் திமுக ஆட்சி, 21 மாநகராட்சியும் திமுக அணிக்கு. இதில் கும்பகோணம் மட்டும் காங்கிரஸ் மேயர், மற்ற இருபதும் திமுக. இதைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் கோவையைப் பாருங்கள். 2021 மே மாதம் கோவை மாவட்டத்தின் பத்து சட்டமன்றத் தொகுதியும் அதிமுக அணிக்குப் போனது, ஒன்றுகூட திமுகவுக்கு இல்லை. ஒன்பது மாதம் கழித்து கோவை மாநகராட்சியின் 100 வார்டில் அதிமுகவுக்குக் கிடைத்தது 3. திமுக அணிக்கு 96. ஒன்பது மாதத்தில் ஒரு ஊரின் கொள்கை தலைகீழாக மாறாது. வார்டுக்கு ஓட்டுப் போடும்போது ஜனம் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது: நம் தெருவுக்கு வேலை நடக்க வேண்டுமென்றால் யார் ஆள் அங்கே உட்கார வேண்டும்? சாக்கடை அடைப்புக்கும் பட்டா மாறுதலுக்கும் அலைந்து பார்த்தவர்கள் போடுகிற கணக்கு இது. அதைச் சந்தர்ப்பவாதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதை விதி என்று எடுத்துக்கொண்டால் சறுக்குவீர்கள். 1986-ல் எம்ஜிஆர் முதலமைச்சராக இருக்கும்போதே பெரும்பாலான நகராட்சிகளைத் திமுக பிடித்தது. 2001-ல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்த சூட்டோடு நடந்த தேர்தலில், சென்னை மேயராக மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது ஸ்டாலினை. 2022-லும் சென்னையில் திமுக மட்டும் 153 வார்டு வாங்கிய அந்த அலையில், மேற்கு மாம்பலம் பக்கத்து 134-வது வார்டு பாஜகவுக்குப் போனது. 200 வார்டில் அவர்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். இழுப்பு உண்டு, இழுக்காத இடமும் உண்டு. அந்த இழுப்பில் எவ்வளவு எதிர்பார்ப்பு, எவ்வளவு பணம், எவ்வளவு எதிர்க்கட்சித் தொண்டனின் சோர்வு என்று பிரித்துக் காட்ட ஒரு தராசும் கிடையாது. கடைசி இரண்டு நாள் பட்டுவாடா இருபக்கமும் நடப்பதை ஊரே பேசும். ஆனால் வாங்கியவர்கள் எல்லோரும் கொடுத்தவருக்கே போட்டார்கள் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. சென்னையில் 2022-ல் ஓட்டுப் போட்டது 44 சதவீதத்துக்கும் குறைவு. வராத அந்தப் பாதிக்கு மேற்பட்டவர்கள் யார் பக்கம் என்பதையும் சேர்த்து யோசித்தால் "மக்கள் மாறிவிட்டார்கள்" என்ற வாக்கியம் இன்னும் மெலிந்துபோகும். சில தேர்தலில் முடிவையே ஓட்டின் கணக்காக எடுக்க முடியாது. 2006 சென்னை மாநகராட்சித் தேர்தல் வன்முறை உயர் நீதிமன்றம் வரை போய், 2007 பிப்ரவரியில் பல வார்டுகளுக்குத் திரும்பத் தேர்தல் நடந்தது.

இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருப்பது ஆள். வார்டு சின்னதாக ஆக ஆக ஆளின் எடை கூடும். இதற்கு ஒரே ஒரு மேசையைச் சொல்கிறேன். 2022 பிப்ரவரி 22, எண்ணிக்கை நாள். மூன்று பூத் உள்ள வார்டு. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இரட்டை இலை ஏஜென்ட், நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஓட்டு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட்டில் முதல் பூத் வந்தபோது அவர் ஆள் முன்னால். இரண்டாவதில் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது பூத்தின் ஓட்டு எண்ணிக்கையைப் படித்ததும் அவர் பேனாவை மூடினார். கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மேலத்தெரு கைவிட்டுடுச்சுய்யா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இருபதுக்கும் குறைவான ஓட்டில் வார்டு உதயசூரியனுக்குப் போனது. வெளியில் பார்க்கிறவர்களுக்கு அதிமுக வார்டு திமுக வார்டானது.

உள்ளே நடந்தது இது. 2011-ல் அந்த வார்டில் இரட்டை இலையில் ஜெயித்தவரும், 2022-ல் உதயசூரியனில் ஜெயித்தவரும் ஒரே வீடு. பழைய கவுன்சிலர் நடுவில் கட்சி மாறிவிட்டார். பதவி இல்லாத அந்த ஐந்து வருஷத்தில், தண்ணீர் வராத கோடையில் மேலத்தெருவுக்குச் சொந்தச் செலவில் டேங்கர் லாரி விட்டவர் அவர். லாரி வந்தால் முதல் குடம் யாருக்கு என்று சண்டை வராமல் வரிசை பார்த்துக்கொண்டது அவர் மனைவி. 2016-ல் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு என்று சட்டம் வந்த பிறகு அந்த வார்டு பெண்கள் வார்டாகிவிட்டதால், 2022-ல் நின்றது மனைவி. மேலத்தெரு கட்சி மாறவில்லை. லாரி விட்ட வீட்டுக்குத்தான் இரண்டு தடவையும் போட்டது. சின்னத்தை மாற்றிக்கொண்டது அந்த வீடு. (வாசல் பெயர்ப்பலகையில் இருப்பது அம்மாவின் பெயர், கீழே இருக்கிற செல் நம்பர் ஐயாவுடையது. அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.) எல்லா வார்டும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு தேர்தலின் வேட்பாளர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் "ஓட்டு மாறியது" என்று எழுதினால், இந்த வார்டு உங்கள் கணக்கில் தப்பான கட்டத்தில் போய் விழும்.

இரண்டாவது கேள்வி, ஜெயித்தவர் கட்சி மாறினால் சீட் யாருடையது என்பது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கட்சித் தாவல் தடை என்று நாம் சொல்லும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான், கவுன்சிலருக்குப் பொருந்தாது. உள்ளாட்சிக்கு வேண்டுமென்றால் மாநிலம் தனியாகச் சட்டம் போட வேண்டும். கேரளம் 1999-ல் போட்டது. அங்கே இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறினால் மாநிலத் தேர்தல் ஆணையத்தில் வழக்கு, பதவி போகும், ஆறு வருஷம் நிற்கவும் முடியாது. நம் ஊரில் கவுன்சிலருக்கு அப்படி ஒரு கடிவாளம் இல்லை. காலையில் ஒரு கட்சி, மாலையில் சால்வை போர்த்திக்கொண்டு இன்னொரு கட்சி, பதவி அப்படியே இருக்கும். அதனால் வார்டு சீட் தேர்தலே இல்லாமல் கைமாறுவதும் நடக்கும். அதற்கு ஒரு ஓட்டும் தேவையில்லை. 2022-ல் முடிவு வந்து, கவுன்சிலர்கள் கூடி மேயரையும் தலைவரையும் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் நடப்பதற்குள் சுயேச்சைகள் பலர் ஆளுங்கட்சிப் பக்கம் நகர்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

கட்சிக்குள்ளேயே இருந்துகொண்டு கட்சியை மீறுவதும் உண்டு. 2022 மார்ச் 4-ல் நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவியைத் திமுக தலைமை விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கியிருந்தது. ஜெயித்தது திமுகவின் போட்டி வேட்பாளர். இப்படிப் பல ஊரில் நடந்து, கட்சித் தலைவரே பதவி விலகச் சொல்லி அறிக்கை விட வேண்டியிருந்தது. காஞ்சிபுரத்தில் 2024-ல் திமுக மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது அதன் பின்னால் திமுக உறுப்பினர்களும் இருந்தார்கள். ஓட்டெடுப்பு அன்றைக்கு யாரும் மன்றத்துக்கு வராததால் தீர்மானம் தோற்றுப்போனது. வார்டு முடிவில் கட்சிப் பெயரைப் பார்த்து "இது இன்னார் கோட்டை" என்று எழுதுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஊர் கிராம ஊராட்சியாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் நேராகப் பொருந்தாது. அங்கே வார்டு உறுப்பினரும் தலைவரும் கட்சிச் சின்னத்தில் நிற்க முடியாது. ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும்தான் கட்சிச் சின்னம். 2021 அக்டோபரில் கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியின் 9-வது வார்டு இடைத்தேர்தலில் ஒருவருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. பாஜகவுக்கு ஒத்த ஓட்டு என்று நாடு முழுக்கச் சிரித்தார்கள். அவர் பாஜக நிர்வாகிதான். ஆனால் நின்றது கார் சின்னத்தில், சுயேச்சையாக. அவர் ஓட்டும் குடும்பத்தினர் ஓட்டும் வேறு வார்டில் இருந்தது, அதனால் அவர் தனக்கே போட்டுக்கொள்ள முடியவில்லை. அந்த ஒரு ஓட்டு யாரோ ஒரு நண்பருடையதாக இருக்கலாம். அதை வைத்து ஒரு கட்சியின் பலத்தை அளந்தது வேடிக்கை.

உங்கள் வார்டைப் பற்றி நிஜமாகவே தெரிய வேண்டுமானால், நகராட்சி அலுவலகத்தில் மறுவரையறை அரசிதழ் இருக்கும், முதலில் எல்லையைத் தெருப் பெயரோடு ஒப்பிடுங்கள். பிறகு இரண்டு தேர்தலின் வேட்பாளர் பட்டியல், ஒவ்வொருவரும் வாங்கிய ஓட்டு. கட்சிப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், அப்பா பெயர், கணவர் பெயர், கதவு எண்ணையும் பாருங்கள். பூத் வாரிக் கணக்கு அலுவலகத்தில் கேட்டு வாங்க அலைய வேண்டியிருக்கும். அதைவிடச் சுலபம், தோற்றுப்போனவரின் ஏஜென்டைத் தேடிப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுப்பது. ஜெயித்தவர் வீட்டில் அந்தக் காகிதம் குப்பைக்குப் போயிருக்கும். தோற்றவர் இன்னும் பீரோவில் வைத்திருப்பார்.